நேற்று குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்?

ஆறு மாதம் நிறையாத குழந்தையின் தாயிடம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கேட்கப்படும் கேள்வி இது: நேற்றுப் பகலிலும் இரவிலும் குழந்தைக்கு என்னென்ன கொடுத்தீர்கள்? தண்ணீரா, பால் பவுடரா, பசும்பாலா, கஞ்சியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பார்கள். எதுவும் இல்லை என்றால் அந்தக் குழந்தை ‘தாய்ப்பால் மட்டும்’ கணக்கில் சேரும். சொட்டு மருந்துக்கு விலக்கு உண்டு.

இந்தியாவில் இந்த விகிதம் 2015-16இல் 54.9 சதவீதம், 2019-21இல் 63.7. 2025க்குள் உலக அளவில் 50 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்று 2012இல் உலக சுகாதாரப் பேரவை வைத்த இலக்கை நாம் முன்பே தாண்டிவிட்டோம். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் நூறில் 64 குழந்தைகள் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே குடித்தன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிறந்து பத்து நாளான சிசுவும் ஐந்தரை மாதக் குழந்தையும் இதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். வயது ஏற ஏற விகிதம் சரியும். பிறந்த அன்று சேனை தொட்டு வைத்ததோ, போன வாரம் கிரைப் வாட்டர் புகட்டியதோ ‘நேற்று’ என்ற கேள்வியில் சிக்காது. நாள் தள்ளிக் கேட்டால் நினைவு பிசகும் என்பதால்தான் நேற்றோடு நிறுத்துகிறார்கள். இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, முதல் இரண்டு நாளும் தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைத் தனியே எண்ணும் அளவீட்டை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2021இல் சேர்த்தன.

என்னை அதிகம் உறுத்துவது வேறோர் எண். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.6 சதவீதத்திலிருந்து 41.8க்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே இடைவெளியில் மருத்துவமனைப் பிரசவங்கள் 78.9இலிருந்து 88.6 சதவீதமாக உயர்ந்தன. மருத்துவரும் செவிலியரும் பக்கத்தில் இருந்தும், நோயெதிர்ப்புப் புரதங்கள் செறிந்த சீம்பால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. சிசேரியன் ஒரு முக்கியக் காரணம். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறில் 45 பிரசவங்கள் அப்படித்தான் நடந்தன. தாய் ஒரு அறையிலும் குழந்தை இன்னொரு அறையிலும் இருந்தால் பால் எப்படிக் கொடுப்பது? முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் அறுவையில் தாய் விழித்தே இருக்கிறார். செவிலியர் ஒருவர் குழந்தையை மார்போடு அணைத்துப் பிடித்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்க முடியும்.

மருத்துவமனைகள் மாதந்தோறும் அரசுக்கு அனுப்பும் புள்ளிவிவரத்திலும் இந்த முதல் மணி நேரத்துக்கு ஓர் இடம் உண்டு. அதைச் சுகப்பிரசவம், சிசேரியன் என்று பிரித்து, மாவட்டவாரியாக, தாய்மார்கள் சொன்ன கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும்.