மென்பொருளின் சாவி யாரிடம்?

பதுளை பஸாரில் கடை நடத்தும் நம்மவர்களில் பலர் கொப்பிக் கணக்கை விட்டுக் கணினிக்கு மாறிவிட்டார்கள். பில், ஸ்டொக், கடன் கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளுக்குள்தான். அதை எழுதிக் கொடுத்த தம்பி நாளை கட்டாருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. மென்பொருளின் மூல நிரல், அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதப்பட்ட கட்டளைகள், அவரிடம் மட்டுமே இருக்கும். கடை நம்முடையது, சாவி இன்னொருவருடையது.

இந்தச் சாவியை யார் வைத்திருப்பது என்பதில் மென்பொருள் உலகம் நெடுங்காலமாக இரண்டுபட்டு நிற்கிறது. ஒரு சாரார் நிரலை மூடி வைத்து, ஒரு கம்பனியின் கட்டுப்பாட்டில் வளர்க்கிறார்கள். மறு சாரார் அதைத் திறந்துவிட்டு, இயன்றவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதட்டும் என்கிறார்கள்.

இரண்டாவது முறைக்கு நல்ல உதாரணம் நமது நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தபோது காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்று தொகுத்துச் சொல்ல ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றியிருந்த தொண்டர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹானா’வை எழுதி முடித்தார்கள். சிங்களத்தில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். நிரல் திறந்திருந்ததால் அது இலங்கையோடு நின்றுவிடவில்லை. 2005 ஒக்டோபர் பூகம்பத்தின்போது பாகிஸ்தானிலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் பாவிக்கப்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்திற்கான 2006ஆம் ஆண்டின் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கே வழங்கியது.

திறந்தது என்றால் வருவோர் போவோரெல்லாம் கல்லாப்பெட்டியில் கை வைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. திருத்தத்தை யாரும் அனுப்பலாம், ஆனால் அதைப் பரிசோதித்து மூலத்தில் சேர்ப்பது நம்பிக்கை பெற்ற சிறு குழுவொன்றுதான். அதிலும் சிக்கல் வரும். 2009இல் சஹானாவுக்கென இலாப நோக்கற்ற தனி மன்றம் அமைந்த காலத்தில், ஒரே பெயரில் வெவ்வேறு கணினி மொழிகளில் இரண்டு மென்பொருள்கள் வளர்ந்தன. உழைப்பும் பிரிந்தது. தொண்டர்கள் களைத்துப் போவதும் உண்டு. கட்டுப்பாட்டு முறையை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்: சம்பளம் கொடுத்துச் செய்தால் பொறுப்புக்கூற ஒருவர் இருப்பார். அது நியாயமான பேச்சுத்தான்.

இரண்டுக்கும் இடையில் இன்னொரு வகையும் இருக்கிறது. நிரல் திறந்தே இருக்கும், தீர்மானம் மட்டும் ஒரு கம்பனியிடம். ஓப்பன் ஒபிஸ் அப்படித்தான் சன் நிறுவனத்தின் கீழ் இருந்தது. 2010இல் சன்னை ஒரக்கிள் வாங்கியது. அதன் போக்கில் நம்பிக்கை இழந்த எழுத்தாளர்கள் அதே ஆண்டு செப்டெம்பரில் நிரலின் பிரதியோடு வெளியேறி ‘லிப்ரே ஒபிஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். பங்காளிகள் பிரியும்போது கடையில் ஒருவர்தான் இருக்க முடியும். இங்கே முழுக் கடையையும் பிரதியெடுத்துக் கொண்டு போகலாம். முதலாளி மாறினாலும் பாவனையாளர் நடுத்தெருவில் நிற்காததற்கு இந்த உரிமையே காரணம்.

ஊவாத் தோட்டங்களுக்கு இது தூரத்து விஷயமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட காணாமற்போனோர் தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. யார் வீட்டில் யார் இருந்தார்கள் என்ற பதிவு சட்டென்று கைக்கு வரவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல உயிர்களைக் கொண்டுபோயின. பள்ளிவாசல் நிர்வாகமோ தோட்டத்து நலன்புரிச் சங்கமோ குடும்பப் பதிவைக் கணினியில் வைக்க நினைத்தால், ஒருவரின் மடிக்கணினிக்குள் பூட்டிய மென்பொருளை நம்புவது ஆபத்து. திறந்த நிரல் என்றால் திரையைத் தமிழில் மாற்றவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாத ஒரு தாய், தன் பிள்ளைகளின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்வாள். யாருடைய விபரத்தை யார் பார்க்கலாம் என்பது வேறு விடயம். நிரல்தான் திறந்திருக்க வேண்டுமே தவிர, குடும்பங்களின் விபரம் அல்ல.

ஆனால் இலவசம் என்று எண்ணி இறங்கினால் ஏமாற்றம்தான். நிறுவுவதற்கும் பழக்குவதற்கும் பிழை திருத்துவதற்கும் ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். அந்தப் பணம் நமது ஊர் இளைஞர்களுக்கே போகலாம் என்பது ஒரு நன்மை. கடைக்காக மூடிய மென்பொருள்தான் வாங்குகிறீர்கள் என்றாலும், முற்பணம் கொடுக்கு முன் இரண்டு விடயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கணக்கு விபரங்களை வேறு மென்பொருளுக்கு மாற்றக்கூடிய வடிவில் எந்நேரமும் எடுக்க முடிய வேண்டும், எழுதியவர் தொழிலை விட்டாலோ வெளிநாடு போனாலோ மூல நிரலின் பிரதி உங்களிடம் வந்து சேர வேண்டும்.