மூளைக்கு ஏது பூட்டு?

போர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பீரங்கி, விமானம், குண்டு. ஆனால் ஒரு குண்டுகூட போடாமல் எதிரி நாட்டு மக்களின் நம்பிக்கையை உடைப்பதும் போர்தான். எதை நம்புகிறோம், எப்படி முடிவெடுக்கிறோம் என்பதையே தாக்குவதால் இதை ‘அறிதிறன் போர்’ என்கிறார்கள்.

இது ஒன்றும் புதுசு இல்லை நண்பர்களே! 1983-ல் டெல்லியின் ‘பேட்ரியாட்’ பத்திரிகையில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்காதான் தயாரித்தது என்று ஒரு மொட்டைக் கடிதம் வெளியானது. அது சோவியத் உளவுத்துறையின் கைவேலை. 1985-ல் சோவியத் வார இதழ் ஒன்று அதையே ஆதாரமாகக் காட்டி எழுதியது. 1987-க்குள் 80-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிவிட்டது.

அந்தப் பொய் உலகம் சுற்ற நாலு வருஷம் ஆனது. கம்ப்யூட்டர் காலத்தில் நாலு நிமிஷம் போதும்! 2013 ஏப்ரல் 23 அன்று ‘அசோசியேட்டட் பிரஸ்’ செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், “வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு, ஒபாமா காயம்” என்று ஒரு செய்தி வந்தது. சில நிமிஷத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் 13,000 கோடி டாலருக்கு மேல் சரிந்தது. பொய் என்று தெரிந்ததும் மீண்டது. ‘சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி’ என்ற கும்பல் தாங்கள்தான் செய்தோம் என்றது. ஊழியர்களுக்கு வந்த போலி ஈமெயில்தான் அவர்களுக்கு வாசல் திறந்தது. திருடியது பாஸ்வேர்டை; அடித்தது மக்களின் பயத்தில்.

இதற்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. 2022 மார்ச் 16-ல் உக்ரைன் டி.வி. நிறுவனம் ஒன்றின் இணையதளத்துக்குள் புகுந்து, அதிபர் ஜெலன்ஸ்கி சரணடையச் சொல்வதுபோல் போலி வீடியோ போட்டார்கள். அது எடுபடவில்லை. ‘இப்படி ஒரு வீடியோ வரும், நம்பாதீர்கள்’ என்று அரசு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது. ஜெலன்ஸ்கியும் உடனே வீடியோவில் பேசி மறுத்தார். முன்னெச்சரிக்கையே தடுப்பூசி!

நாளைக்கு நெட்வொர்க்கைக் காக்கப் போகிற நாம் ஃபயர்வால் போடலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். மூளைக்கு யார் பூட்டு போடுவது? என்னைப்போல் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். போனில் எது வந்தாலும் எங்க அப்பா, “நீ படிச்சவன், இது நெசமா பாருப்பா” என்று என்னிடம்தான் நீட்டுகிறார். நாம் தலையாட்டினால் தெருவே நம்பிவிடும்.

ஆகவே, யார் சொன்னது? வேறு எங்கே வந்திருக்கிறது? கோபத்தையும் பயத்தையும் கிளப்பவே அனுப்பினார்களா? இந்த மூணு கேள்வியையும் கேட்ட பிறகே அடுத்தவருக்கு அனுப்புவோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நம் விரலை நிறுத்துவது நம் கையில்தான்!