எரித்த சாம்பலில் ஈயம் இருக்கா? எக்ஸ்ரே துப்பாக்கி காட்டிக் கொடுக்கும்!

புண்ணுக்கு கட்டிய பஞ்சு, ரத்தம் பட்ட துணி, ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதை... ஆஸ்பத்திரிகளில் சேரும் இந்த கழிவெல்லாம் எங்கே போகிறது தெரியுமா?

மஞ்சள் பையில் கட்டி, எரிக்கும் ஆலைக்கு லாரியில் கொண்டு போகிறார்கள். அங்கே 2 அறை கொண்ட உலையில் எரிக்கிறார்கள். முதல் அறையில் சுமார் 800 டிகிரி, 2-வது அறையில் சுமார் 1,050 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்பது 2016-ம் ஆண்டு விதி.

அந்த சூட்டில் கிருமிகள் செத்துப் போகும். ஆனால் மிஞ்சுகிற சாம்பல்? சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

உலோகம் எரியாது

பஞ்சும் பிளாஸ்டிக்கும் எரிந்து போகும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் அப்படி அழிந்து போகாது. மூட்டை மூட்டையாக வந்த கழிவு கொஞ்சம் சாம்பலாக சுருங்கும்போது, அதில் இருந்த உலோகமும் அந்த சாம்பலுக்குள் சேர்ந்து விடுகிறது. புகையை வடிகட்டும்போது சிக்கும் பொடி சாம்பலில் ஈயமும் காட்மியமும் இன்னும் அதிகம்.

"சாம்பல்தானே" என்று பள்ளத்தில் கொட்டினால், மழை தண்ணீரில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கி விடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை பாதிக்கும். காட்மியம் கிட்னியை கெடுக்கும்.

எக்ஸ்ரே என்ன செய்கிறது?

கொட்டுவதற்கு முன்பே சாம்பலை சோதிக்க எக்ஸ்ரே கருவி உதவுகிறது. கையில் பிடிக்கும் துப்பாக்கி மாதிரியும் கிடைக்கிறது. குவியலில் பல இடங்களில் சாம்பல் எடுத்து, காய வைத்து, அரைத்து, சின்ன கிண்ணத்தில் அடைப்பார்கள். அதன் மேல் எக்ஸ்ரே கதிர் பாயும்.

கதிர் பட்டதும் சாம்பலில் உள்ள ஒவ்வொரு உலோகமும் பதிலுக்கு தன் கதிரை வீசும். மனிதனுக்கு கைரேகை மாதிரி, ஈயத்துக்கு ஒரு கதிர், காட்மியத்துக்கு வேறொரு கதிர். அதை வைத்து எது எவ்வளவு இருக்கிறது என்று சில நிமிடங்களில் கருவி சொல்லி விடும்.

இது மட்டும் போதாது

உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்ரே சொல்லும். தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று சொல்லாது. அதற்கு வேறு சோதனை உண்டு. சாம்பலை லேசான அமில தண்ணீரில் போட்டு சுமார் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். வடிகட்டிய 1 லிட்டர் தண்ணீரில் ஈயம் 5 மில்லி கிராமையோ, காட்மியம் 1 மில்லி கிராமையோ தொட்டால் அது அபாய கழிவு.

அப்படிப்பட்ட சாம்பலை சாதாரண குப்பை மேட்டில் கொட்டக்கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற அபாய கழிவு கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எரிக்கும்போது உண்டாகும் டையாக்சின் என்ற விஷமும் எக்ஸ்ரேக்கு தெரியாது. அதற்கு தனியாக லேப் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

முட்டையும் போச்சு!

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் நியூகேசில் நகரமே சாட்சி. அங்குள்ள பைக்கர் என்ற இடத்தில் குப்பை எரித்த சாம்பலை 1994 முதல் 1999 வரை நடைபாதைகளிலும், மக்கள் காய்கறி போடும் தோட்டப் பாதைகளிலும் கொட்டினார்கள். பிறகு சோதித்தபோது ஈயம் போன்ற உலோகங்களும் டையாக்சினும் இருப்பது தெரிந்தது. அங்கே வளர்த்த கோழியையும் முட்டையையும் சாப்பிட வேண்டாம் என்று மக்களுக்கு சொல்ல வேண்டியதாகி விட்டது. 2002-ல் அந்த நகர கவுன்சிலுக்கு கோர்ட்டு அபராதம் விதித்தது.

5 வருஷம் கொட்டிய பிறகு செய்த சோதனையை, முதல் லாரி கிளம்பும் முன்பே செய்திருக்கலாம். சாம்பலை அள்ளிப் போடும் தொழிலாளியின் மூச்சில்தான் அந்த தூசி முதலில் ஏறுகிறது. அவருக்கு முகமூடியும் கையுறையும் கொடுப்பதோடு, அள்ளுவது என்ன சாம்பல் என்றும் சொல்ல வேண்டும்.