துடிப்பு முதலில், கால்சியம் பிறகு

எலியின் மூளையைக் கவிழ்த்து வைத்தால், பார்வை நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு இருபுறமும் ஹைப்போதலாமஸின் ஒரு சின்னத் திரள் இருக்கிறது: சுப்ராஆப்டிக் நியூக்ளியஸ். வாசோபிரெசின் சுரக்கும் பெரிய நியூரான்கள் இங்கே குவிந்திருக்கின்றன. உடலில் நீர் வற்றும்போது இவற்றில் பல, சில பத்து விநாடிகள் விடாமல் துடிக்கும், அடங்கும், மறுபடி தொடங்கும். இந்தத் தாளத்தில் கால்சியத்தின் பங்கை அளக்க வேண்டுமென்றால் வேலையின் வரிசை முக்கியம்.

மூளையை எடுத்ததும் பனிக்குளிர்ச்சியான கரைசலில் இட வேண்டும். சோடியத்தின் பெரும்பகுதிக்குப் பதில் அதில் சுக்ரோஸ் இருக்கும். வைப்ரடோம் கருவியில் 300 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் கரைசலில் ஒரு மணி நேரம் தேற விடுங்கள். பிறகு நுண்ணோக்கி. உட்கரு பளிச்சென்று தெரிகிற, உப்பிய செல்லைத் தொடாதீர்கள், அது சாகப்போகிறது.

நுனி ஓரிரு மைக்ரான் அகலமுள்ள கண்ணாடிப் பிப்பெட்டை, உள்ளிருந்து லேசாக ஊதியபடியே இறக்க வேண்டும். செல்லின் மேல் சிறு பள்ளம் விழுந்ததும் ஊதுவதை நிறுத்தி மெல்ல உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு ஒட்டி, மின்தடை கிகா ஓமுக்கு ஏறும். இன்னொரு உறிஞ்சலில் சவ்வு கிழிந்து உள்ளே வழி திறக்கும். நேஹரும் சாக்மனும் 1991-இல் நோபல் பெற்றது இந்தப் பேட்ச் கிளாம்ப் முறையால் செய்த ஆய்வுக்குத்தான். இன்றும் பலர் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள்.

முதல் செல்லில் துடிப்பை மட்டும் பதியுங்கள். பிப்பெட்டில் பொட்டாசியம் குளுக்கோனேட் போதும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏவைக் குறைவாகச் சேருங்கள். அது கூடினால் துடிப்புக்குப் பின் எழும் சிறு மின்மேடு மறைந்து, அதை நம்பி நிற்கும் நீண்ட தொடரும் குலையும். நாம் தேடுவதை நம் கரைசலே அழித்துவிடும்.

கால்சியம் மின்னோட்டத்துக்கு வேறு செல், வேறு கரைசல். உள்ளே பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம். வெளியே சோடியத்தை நிறுத்த டெட்ரோடோடாக்சின், மிச்சப் பொட்டாசியத்துக்கு டெட்ராஎத்தில் அம்மோனியம். கால்சியத்துக்குப் பதில் பேரியம் வைத்தால் மின்னோட்டம் எளிதில் தணியாது. மின்னழுத்தத்தை −100 மில்லிவோல்ட்டில் பிடித்து −50-க்கு ஏற்றினால் டி-வகைக் கால்சியம் மின்னோட்டம் சட்டென்று எழுந்து மறையும். −60-இலிருந்து 0-க்குத் தாவினால் எல், என், பி/க்யூ வகைகள் சேர்ந்து வரும். எல்-ஐ நிஃபெடிபைன் தடுக்கும். என்-ஐக் கூம்பு நத்தையின் நஞ்சு, பி/க்யூ-வைச் சிலந்தி நஞ்சு. கடைசியில் காட்மியம் ஊற்றி, எஞ்சியதைக் கழித்துவிடுங்கள்.

இங்கே பலர் ஏமாறுவார்கள். எல்-வகை மின்னோட்டம் மருந்தே இல்லாமலும் நேரம் செல்லச் செல்லத் தேயும். பிப்பெட்டில் ஏடிபி, ஜிடிபி சேர்ப்பது இதற்காக. மருந்தில்லாத செல்லையும் அதே நேர அளவுக்கு ஓட்டிப் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் நம்ப வேண்டாம். சீவலில் நீண்ட கிளைகளின் மின்னழுத்தம் கட்டுப்பாட்டில் நிற்காது என்பதால், தனியே பிரித்தெடுத்த செல்களே இந்த அளவீட்டுக்கு ஏற்றவை.

இனி இரண்டையும் இணைக்கலாம். முதல் செல்லில் பதிந்த துடிப்பின் வடிவத்தையே மின்னழுத்தக் கட்டளையாக, கால்சியம் மின்னோட்டம் அளக்கும் செல்லுக்குக் கொடுங்கள். தொடரின் முதல் துடிப்பையும், பின்னால் வந்து அகன்றுபோன துடிப்பையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அகன்றதில் கூடுதல் கால்சியம் நுழையும். அதிலும் பெரும்பகுதி துடிப்பு இறங்கும் கட்டத்தில்தான்.