களம் மாறிய மல்லர்கள் – 6: டேனியல் கோர்மியர்

டேனியல் கோர்மியர் 1979 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லஃபாயெட் நகரில் பிறந்தார். மல்யுத்தத்தில் இரண்டு முறை ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானவர். 30 வயதில் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டைக்கு வந்து, யு.எஃப்.சி. அமைப்பில் இரண்டு எடைப் பிரிவுகளின் பட்டங்களை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். மல்யுத்த விரிப்பில் பழகிய பிடியும், உடல் எடையோடு நடத்திய ஓயாத போராட்டமும் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதும் கூடவே வந்தன.

அவருக்கு 7 வயது இருக்கும்போது, 1986-ஆம் ஆண்டின் நன்றி நவிலல் நாளில், தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். பள்ளி நாட்களிலேயே மல்யுத்தம் அவரை இழுத்துக்கொண்டது. நார்த்சைடு உயர்நிலைப் பள்ளி மாணவராக மூன்று முறை மாநிலப் பட்டம் வென்றார். கான்சாஸ் மாநிலத்தின் கோல்பி கல்லூரியில் படித்த இரண்டு ஆண்டுகளும் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசிய ஜூனியர் கல்லூரிப் பட்டங்களை எடுத்தார். பிறகு, மல்யுத்தத்துக்குப் பெயர்போன ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குறுக்கே நின்றவர் கேல் சாண்டர்சன். கல்லூரிக் காலத்தில் 159 போட்டிகளில் மோதி 159-லும் வென்ற சாண்டர்சன், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் கண்ட மிகப் பெரிய வீரர். 2001-இல் தேசிய இறுதிப் போட்டியில் கோர்மியர் அவரிடம்தான் தோற்றார். வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் கோர்மியர் கல்லூரிச் சாம்பியனாகியிருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

2003 ஜூன் மாதம் அவருடைய மூன்று மாதப் பெண் குழந்தை கார் விபத்தில் இறந்தது. அந்தத் துயரத்தோடுதான் அவர் அதே ஆண்டு தேசிய அணியில் இடம்பிடித்து, உலகப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றார். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 96 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவில் அரையிறுதி வரை போனார். அங்கே ரஷ்யாவின் கத்சாலோவிடமும், வெண்கலத்துக்கான போட்டியில் ஈரானின் அலிரேஸா ஹெய்தரியிடமும் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பினார். 2007-இல் பாகு நகரில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அவர் அமெரிக்க அணியின் கேப்டனாகப் போனார். ஒரு முறைகூட களம் இறங்காமல் திரும்பினார். மல்யுத்த வீரர்கள் இயல்பான எடையிலேயே மோதுவது அபூர்வம். உடலில் உள்ள தண்ணீரை வெளியேற்றி, எடை பார்க்கும் நேரத்துக்குப் பல கிலோ இறங்கி, பிறகு குடித்தும் சாப்பிட்டும் ஏறிக்கொள்வார்கள். கனத்த ஆடை போட்டு ஓடுவது, நீராவி அறையில் உட்கார்ந்திருப்பது, நாக்கு வறண்டாலும் தண்ணீர் தொடாமல் இருப்பது என்று இதற்குப் பல வழிகள். ரத்தத்தில் நீர் குறையக் குறைய, முதலில் அடிவாங்குவது சிறுநீரகம். பல ஆண்டுகளாக இப்படி இறக்கி ஏற்றிய உடல் பெய்ஜிங்கில் கைவிட்டது. எடையை எட்டிவிட்டார், ஆனால் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் எடையால் இறுதிப் போட்டியை இழந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொடுமையை விளக்கத் தேவையில்லை. இந்த விளையாட்டு தன் வீரர்களிடம் கேட்கும் விலைகளிலேயே மிக அநியாயமானது இதுதான்.

2009-இல் கோர்மியர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள அமெரிக்கன் கிக்பாக்ஸிங் அகாடமிக்கு வந்தார். பயிற்சியாளர் ஹாவியர் மெண்டஸ்; உடன் பயிற்சி செய்தவர், பின்னாளில் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியனான கெய்ன் வெலாஸ்கெஸ். குத்து, உதை, கழுத்து நெரிப்பு எல்லாம் அனுமதிக்கப்படும் கூண்டுக்குள் மல்யுத்த வீரர்கள் தேறுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. சண்டை நின்றபடி நடக்க வேண்டுமா, தரையில் நடக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பவர், காலை வாரித் தள்ளத் தெரிந்தவர். 1990-களில் டான் செவர்ன், மார்க் கோல்மன், ராண்டி குடூர் ஆகியோர் இதை நிரூபித்துவிட்டார்கள். ஆனால் குத்து வாங்கப் பயந்தால் பிடிக்க நெருங்க முடியாது. 30 வயதுக்காரர் ஒருவர் முகத்தில் அடி விழும்போது கண்ணை மூடாமல் இருக்கப் பழக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் அமைப்பில் முதல் சண்டை. இரண்டே ஆண்டில், அதே அமைப்பின் ஹெவிவெயிட் கிராண்ட் பிரீ தொடரில் மாற்று வீரராக நுழைந்து, ‘பிக்ஃபுட்’ எனப்படும் அந்தோனியோ சில்வாவை முதல் சுற்றிலேயே நாக்அவுட் செய்தார். 2012 மே மாதம் இறுதிப் போட்டியில் அனுபவசாலியான ஜாஷ் பார்னெட்டைத் தலைக்கு மேல் தூக்கி வீசி, ஐந்து சுற்றுகளையும் ஆடி ஜெயித்தார். சுமார் 180 செ.மீ. உயரமே உள்ளவர், தொப்பை தெரியும் உடல்வாகு கொண்டவர், ஹெவிவெயிட் பிரிவில் இப்படி வெல்வார் என்று அதுவரை அதிகம் பேர் எதிர்பார்க்கவில்லை.

2013-இல் யு.எஃப்.சி.க்கு வந்து ஃபிராங்க் மிர், ராய் நெல்சன் இருவரையும் வென்றார். பட்டமோ நண்பர் வெலாஸ்கெஸிடம் இருந்தது. நண்பரோடு மோத மனமில்லாமல் லைட் ஹெவிவெயிட் பிரிவுக்கு இறங்க முடிவு செய்தார். அந்தப் பிரிவின் வரம்பு 93 கிலோ. அதாவது, பெய்ஜிங்கில் அவரைப் படுக்க வைத்த எடையைவிட 3 கிலோ குறைவு! நட்புக்காக உடலைப் பணயம் வைத்த முடிவு இது. 2014 மே மாதம், தன்னைப் போலவே ஒலிம்பிக் மல்யுத்த வீரரான டான் ஹெண்டர்சனைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டு, மூன்றாம் சுற்றில் கழுத்தை நெரித்து மயங்க வைத்தார்.

அடுத்து, அந்தப் பிரிவின் சாம்பியன் ஜான் ஜோன்ஸ். இருவருக்கும் இடையிலான பகை 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றில், ஊடகங்களின் கண்ணெதிரே கைகலப்பாக வெடித்தது. 2015 ஜனவரி 3 அன்று கூண்டுக்குள் சந்தித்தபோது, கோர்மியரைவிட சுமார் 30 செ.மீ. நீளமான கைவீச்சு கொண்ட ஜோன்ஸ், தூரத்திலிருந்தே அடித்தார். அதோடு நில்லாமல், ஒலிம்பிக் மல்லரையே தரையில் சாய்க்கவும் செய்தார். கோர்மியருக்கு அது முதல் தோல்வி. சில மாதங்களில் ஒழுங்கு நடவடிக்கையாக ஜோன்ஸின் பட்டம் பறிக்கப்பட, மே மாதம் ஆந்தனி ஜான்சனை வென்று கோர்மியர் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு அலெக்ஸாண்டர் குஸ்டாஃப்சனுடன் மயிரிழையில் வென்ற சண்டை, பட்டத்துக்குத் தகுதியானவர் என்று காட்டிய சண்டை.

2017 ஏப்ரலில், ஜான்சனுடனான இரண்டாவது சண்டைக்கு முந்தைய நாள், எடை 206.2 பவுண்டு காட்டியது, வரம்பு 205. சில நிமிடங்களில் மறுபடி ஏறியபோது சரியாக 205. மறைப்பாகப் பிடித்திருந்த துண்டில் கையை ஊன்றிப் பாரத்தைக் குறைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2022-இல் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஜூலையில் ஜோன்ஸ் அவரை மூன்றாம் சுற்றில் தலையில் உதைத்து வீழ்த்தினார். ஜோன்ஸ் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால், அந்த முடிவு ரத்தாகிப் பட்டம் கோர்மியரிடமே திரும்பி வந்தது.

2018 ஜூலை 7, லாஸ் வேகாஸ். எதிரே ஹெவிவெயிட் சாம்பியன் ஸ்டீபே மியோசிச். முதல் சுற்று முடிய அரை நிமிடம்கூட இல்லாத நேரம். இருவரும் மார்போடு மார்பு ஒட்டி, கைகளைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். இப்படிப் பிடியில் நின்று பாரத்தை மாற்றுவது கோர்மியர் சிறு வயதிலிருந்தே பழகியது. பிடியிலிருந்து விலகும் கணத்தில் எதிராளியின் காவல் ஒரு நொடி தளரும். அந்த நொடியில் அவருடைய வலக்கை குட்டையாகச் சுழன்று தாடையில் விழுந்தது. மியோசிச் சரிந்தார். கானர் மெக்ரெகருக்குப் பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு யு.எஃப்.சி. பட்டங்கள் வைத்திருந்த இரண்டாவது வீரர் கோர்மியர்தான். நவம்பரில் டெரிக் லூயிஸை வென்று, இரண்டு பிரிவுகளிலும் பட்டத்தைக் காத்த முதல் வீரர் என்ற பெயரும் பெற்றார்.

2019 ஆகஸ்டில் மியோசிச்சுடன் மறுபடி மோதியபோது, முதல் சுற்றில் அவரைத் தூக்கித் தரையில் அடித்தார். அதன்பின் என்னவோ பிடியை மறந்து குத்துச்சண்டையிலேயே நின்றார். பயிற்சியாளர்கள் மல்யுத்தம் செய்யச் சொல்லியும் கேட்கவில்லை. நான்காம் சுற்றில் மியோசிச்சின் இடக்கை விலாவில் அடுத்தடுத்து இறங்கியது, பட்டம் போயிற்று. 2020 ஆகஸ்டில், கொரோனா காரணமாகப் பார்வையாளர்கள் இல்லாத அரங்கில் மூன்றாவது சண்டை. கண்ணில் விரல் பட்டுப் பார்வை மங்கிய நிலையில் ஐந்து சுற்றுகளும் நின்று, புள்ளிகளில் தோற்று, 41 வயதில் ஓய்வு பெற்றார்.

22 வெற்றி, 3 தோல்வி, முடிவு ரத்தான ஒரு சண்டை. மூன்று தோல்விகளும் ஜோன்ஸ், மியோசிச் என்ற இருவரிடம் மட்டுமே. 2022-இல் யு.எஃப்.சி.யின் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். சண்டை ஒளிபரப்புகளில் வர்ணனையாளராகத் தொடரும் கோர்மியர், கலிஃபோர்னியாவின் கில்ராய் நகரில் பள்ளி மாணவர்களுக்கு மல்யுத்தப் பயிற்சியும் அளித்து வந்திருக்கிறார்.

(தொடரும்)