ஏர்பிரஷ் வாங்கலாமா? முதலில் காற்றைக் கவனிப்போம்!



நம் மாடல் மன்றத்தில் பழைய பேப்பர் போட்டுச் சேர்த்த பணம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஏர்பிரஷ் வாங்கலாமா என்ற பேச்சு நடக்கிறது. பணம் ஒரு தடவைதான் செலவாகும். தப்பானதை வாங்கிவிட்டால் அது பீரோவில் தூங்கும், அடுத்த வருஷத்துப் பசங்களுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எல்லாரும் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தூரிகை போதாதா?

நாம் அடுத்து செய்யப்போவது மிக்-21 விமானம். 1963-ல் நம் விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26-ல் ஓய்வு பெற்ற விமானம் அது. அதன் இறக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுமார் 7.15 மீட்டர். 1/72 அளவில் செய்தால் வெறும் 10 செ.மீ.தான்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தூரிகையால் பூசும்போது பெயிண்ட் ஓரிடத்தில் 0.1 மி.மீ. மேடு கட்டிவிட்டது என்று வையுங்கள். 72-ஆல் பெருக்கினால் 7.2 மி.மீ. உண்மையான விமானத்தின் மேல் இவ்வளவு தடிமனுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? மாடல் பொம்மை மாதிரி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏர்பிரஷ் பெயிண்டைப் பனி மாதிரி மெல்லிசாகப் படியவைக்கும். விமானியின் முகம், சக்கரம், சின்னச் சின்ன பாகம் இதற்கெல்லாம் தூரிகையே நல்லது. பெரிய பரப்புக்குத்தான் ஏர்பிரஷ்.

அது எப்படி வேலை செய்கிறது?

உள்ளே நீளமான ஊசி ஒன்று இருக்கும். அதன் முனை நாசில் என்ற குட்டித் துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நாசிலைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாயும்போது முனையில் அழுத்தம் குறைகிறது. ஊசியைப் பின்னால் இழுத்தால் வழி திறந்து பெயிண்ட் வெளியே உறிஞ்சப்படும். காற்று அதைப் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறடிக்கும். பிளஸ் ஒன் அண்ணன்மார் படிக்கும் பெர்னௌலி தத்துவம் இதுதாங்க! இது புது சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவில் பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி என்பவர் 1876-லேயே பெயிண்ட் தெளிக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்.

எந்த ஏர்பிரஷ்?

கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான்.

1. சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா? சிங்கிள் ஆக்‌ஷனில் பொத்தானை அழுத்தினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்தே வரும். பெயிண்டின் அளவை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வரும். பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் பழகிவிட்டால் கோடும் போடலாம், பரப்பும் அடிக்கலாம்.

2. கிண்ணம் மேலேயா, கீழேயா? மேலே இருந்தால் பெயிண்ட் தானாகவே இறங்கும். குறைந்த காற்றே போதும், பத்துச் சொட்டு பெயிண்டிலும் வேலை நடக்கும். கீழே பாட்டில் தொங்கும் வகை பெரிய பரப்புக்கு நல்லது, ஆனால் பெயிண்ட் அதிகம் வேண்டும். நமக்கு மேல் கிண்ணம்தான் சிக்கனம்.

3. நாசில் எத்தனை மி.மீ.? 0.2 என்றால் தலைமுடி மாதிரி கோடு போடலாம், ஆனால் சட்டென்று அடைத்துக்கொள்ளும். 0.5 சீக்கிரம் அடைக்காது, ஆனால் நுணுக்கம் வராது. பல கை படும் மன்றத்துக்கு 0.3-லிருந்து 0.4 வரை சரியாக இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்!

எல்லாரும் ஏர்பிரஷையே பார்க்கிறோம். எவ்வளவு நல்ல ஏர்பிரஷ் வாங்கினாலும், வரும் காற்று ஒரே சீராக இல்லாவிட்டால் பெயிண்ட் திட்டுத்திட்டாகத்தான் விழும். மாடலுக்கு 15-லிருந்து 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் பொதுவாகப் போதும். அந்தக் காற்று எங்கிருந்து வரும்?

மீன்தொட்டி பம்ப்: அழுத்தம் போதாது.

பஞ்சர் கடை கம்ப்ரஸர்: அழுத்தம் மிக அதிகம். ரெகுலேட்டர் வைத்துக் குறைக்கலாம், ஆனால் காற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் வரலாம். தினமும் அங்கே போய் உட்காரவும் முடியாது.

பழைய கார் டயர்: அந்தக் காலத்தில் பலர் இப்படிச் செய்திருக்கிறார்கள். டயர் 30 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 30-லிருந்து 15-க்கு இறங்கும்போது சுமார் 30 லிட்டர் காற்று கிடைக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் செலவானால் மூன்றே நிமிஷம்! ஒரு எச்சரிக்கை: டயர் இல்லாமல் வெறும் ட்யூபில் இவ்வளவு காற்றடித்தால் வெடித்துவிடும்.

கையடக்க பேட்டரி கம்ப்ரஸர்: இப்போது நிறைய விற்கிறது. பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை.

எண்ணெய் இல்லாத சின்ன பிஸ்டன் கம்ப்ரஸர்: மாடல் செய்பவர்கள் பரவலாக வைத்திருப்பது இதுதான். 1/6 குதிரைத்திறன் மோட்டார், அதாவது சுமார் 125 வாட். 3 லிட்டர் தொட்டி வைத்தும் வரும், தொட்டி இல்லாமலும் வரும்.

தொட்டி எதற்கு?

"தொட்டியில் காற்றைச் சேமித்துவிட்டு மோட்டாரை நிறுத்திவிடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போடுவோம். இந்த வகையில் பொதுவாக 4 பார் ஆனதும் மோட்டார் தானே நிற்கும், 3 பார் ஆனதும் மறுபடி ஓடும். 3 லிட்டர் தொட்டியில் ஒரு பார் குறைந்தால் நமக்குக் கிடைப்பது சாதாரண அழுத்தத்தில் சுமார் 3 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் 18 விநாடிதான்!

அப்படியென்றால் தொட்டி வீணா? இல்லவே இல்லை. பிஸ்டன் காற்றை விட்டு விட்டுத் தள்ளும், நம் நாடித் துடிப்பு மாதிரி. தொட்டி அந்தத் துடிப்பை வாங்கிக்கொண்டு ஒரே சீராக வெளியே விடும். மோட்டாருக்கும் அவ்வப்போது ஓய்வு கிடைக்கும்.

இன்னும் இரண்டு பொருள் கட்டாயம் வேண்டும். ஒன்று ரெகுலேட்டர். வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பது மாதிரியே அழுத்தத்தைக் குறைத்துத் தரும். பக்கத்தில் முள் காட்டும் மீட்டரும் இருக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீரைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம். காற்றை அழுத்தும்போது சூடாகிறது, பிறகு குளிரும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. நம்முடையது கடற்கரை ஊர். காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. கிண்ணம் இல்லாவிட்டால் ஒரு வாரம் உழைத்த மாடலின் மேல் தண்ணீர்ச் சொட்டு தெறிக்கும்.

மூச்சு முக்கியம்!

என் தம்பிக்கு இழுப்பு உண்டு. நம் மன்றத்தில் இன்னும் இரண்டு சின்னப் பசங்களுக்கும் உண்டு. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். தின்னர் கலக்கும் பெயிண்ட் நமக்கு வேண்டாம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் போதும். அதுவும் வாசனை இல்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. பொடித் துளி நுரையீரலுக்குள் போகத்தான் செய்யும். ஆகவே வராந்தாவில், காற்றோட்டத்தில், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் போட்டுத்தான் அடிக்க வேண்டும். இழுப்பு இருக்கிறவர்கள் அந்த நேரம் உள்ளே உட்கார்ந்து பாகம் ஒட்டும் வேலையைச் செய்யட்டும். அதுவும் முக்கியமான வேலைதான். விளையாட்டுக்குக்கூட யார் மேலும் காற்றைப் பீய்ச்சக் கூடாது.

ஆக, என் முடிவு

பணத்தில் பெரிய பங்கு கம்ப்ரஸருக்குப் போகட்டும்: தொட்டி, ரெகுலேட்டர், தண்ணீர்க் கிண்ணம் மூன்றும் சேர்ந்தது. அடுத்து மாஸ்க். மீதியில் நடுத்தரமான டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், 0.3 நாசில், மேல் கிண்ணம். நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்கும் மாதிரியைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் ஊசி முனை ஒரு நாள் யார் கையிலாவது வளையத்தான் போகிறது. ஏர்பிரஷை அடுத்த வருஷம்கூட மாற்றிக்கொள்ளலாம். நல்ல கம்ப்ரஸர் நம் தம்பிமார் படித்து முடிக்கும் வரைக்கும் உழைக்கும்.

வாங்கியதும் மாடலில் கை வைக்காதீர்கள்! இங்க்கில் தண்ணீர் கலந்து பழைய பேப்பரில் புள்ளி வைத்து, கோடு இழுத்துப் பழகுங்கள். முதலில் காற்று, பிறகு பெயிண்ட். நிறுத்தும்போது முதலில் பெயிண்ட், பிறகு காற்று. பெயிண்ட் பால் பதத்துக்கு இருக்க வேண்டும். முடிந்த உடனே கழுவ வேண்டும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் நாசில் அடைத்துவிடும்.

வேறு யோசனை இருப்பவர்கள் ஒரு தாளில் எழுதி இந்தப் பலகையிலேயே குத்தி வையுங்கள். பேசி முடிவெடுப்போம்.

மூளைக்கு வேலை: அதே மிக்-21-ஐ 1/48 அளவில் செய்தால் இறக்கை எத்தனை செ.மீ.? விடை அடுத்த இதழில்!