மார்பிலும் முதுகிலும் தோன்றும் தடிப்புகள்

கோடையில் புதுக்கோட்டை வட்டாரத்தில் மார்பிலும் முதுகிலும் தடிப்புக் காணாதவர் அரியர். அவற்றுள் பெரும்பாலானவை, வியர்வை நாளங்கள் அடைபடுவதால் தோன்றும் வேர்க்குருவேயாகும்; தளர்ந்த பருத்தியாடையும் காற்றும் போதும். வளையம்போல் விளிம்பு சிவந்து அரிப்பது படர்தாமரை. பூஞ்சையால் வரும் இதற்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு, அரிப்பை அடக்கிப் பூஞ்சையைப் பரவச் செய்துவிடும்.

நாம் அஞ்சவேண்டியது அக்கியையே. இளமையில் கண்ட சின்னம்மையின் வைரஸ் கிருமி நரம்பு வேர்களில் உறங்கிக் கிடந்து, பெரும்பாலும் முதுமையில் விழித்தெழுந்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் எரியும் கொப்புளங்களாய்ப் படர்கிறது. நம் ஊர்களில் மண்பாண்டம் வனையும் வேளாரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம். கொப்புளம் சில வாரங்களில் தானே ஆறுவதால், எழுதியதால் ஆறிற்று என்னும் நம்பிக்கையும் வேரூன்றிவிட்டது. எழுதுவோரை நாம் பழிக்கவில்லை. காலம் கழிவதே நம் கவலை. அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் மிகுதி. முதியோர்க்கோ, கொப்புளம் ஆறிய பின்னும் நரம்புவலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. எனவே அக்கி எழுத விரும்பும் பெரியவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்; உடைந்த கொப்புளத்தின்மேல் காவி படாமல் காப்பதும் வேண்டும்.